ஆவணம் இருந்தும் படிப்பாரில்லை: சோதனை லைப்ரரியின் ஆவணத்தை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

கிணற்றடி (கேள்வி)

வணக்கம். இணையச் செயலிகளைச் சோதிப்பதற்காக, பிரவுசரை நிரலால் இயக்கும் கருவியான செலினியத்தின் பைத்தான் வடிவத்தின் மேல் எங்கள் அலுவலகத்தில் நாங்களே எழுதிக்கொண்ட லைப்ரரி ஒன்று ஐந்து ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. உள்நுழைதல், படிவம் நிரப்புதல், அட்டவணையில் வேண்டிய வரியைத் தேடியெடுத்தல் போன்ற அன்றாட வேலைகளை அது சுருக்கித் தருகிறது. இதற்கு ஆவணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நிரலுக்குள்ளேயே எழுதிய விளக்கக் குறிப்புகளை, அதாவது டாக்ஸ்ட்ரிங்குகளை, ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவி கொண்டு திரட்டி, எழுபது பக்கத்துக்குக் குறையாமல் வைத்திருக்கிறோம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைத் திறப்பதே இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிறார்கள். அவர் தம்முடைய பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பி வைக்கிறார். அதிலுள்ள தவறுகளும் அப்படியே குடிபெயர்கின்றன. எங்கு பார்த்தாலும் நிரலைச் சும்மா நிறுத்திவைக்கும் ஐந்து நொடி ஸ்லீப், பத்து நொடி ஸ்லீப்.

ஆவணத்தைச் சீர்செய்ய மேலாளர் இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார். எல்லா டாக்ஸ்ட்ரிங்குகளையும் திருத்தி எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தத் திட்டம் சரிதானா?

வெள்ளெருக்கு

அந்தத் திட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்பதே என் கருத்து. டாக்ஸ்ட்ரிங் தொகுப்பு நிகண்டு போன்றது. எந்தச் சொல் வேண்டும் என்று முன்பே அறிந்தவருக்குத்தான் அது பயன்படும். உங்கள் வாசகர் அந்த நிலையில் வருவதில்லை. சோதனை தோற்று, திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து நிற்கும் நேரத்தில்தான் அவருக்கு ஆவணம் தேவைப்படுகிறது. எனவே பிழைச்செய்தியைத்தான் ஆவணத்தின் முதல் பக்கமாகக் கருத வேண்டும்.

பெரிய லைப்ரரிகள் இதை உணர்ந்திருக்கின்றன. செலினியம் 4-இல், பொத்தான், பெட்டி போன்று பக்கத்தில் உள்ள ஓர் எலிமென்ட் கிடைக்காவிட்டால், அந்தப் பிழையை விளக்கும் பக்கத்தின் முகவரியும் செய்தியுடனேயே வருகிறது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் உலகில் பலரும் பயன்படுத்தும் டெஸ்டிங் லைப்ரரி இன்னும் ஒரு படி மேலே போகிறது: எழுத்தைக் கொண்டு தேடி எலிமென்ட் அகப்படவில்லை என்றால், அந்த எழுத்து பல எலிமென்ட்டுகளாகப் பிரிந்து கிடக்கலாம் என்று காரணத்தையே ஊகித்துச் சொல்கிறது, ரோல் (பொத்தான், தலைப்பு என்பது போல எலிமென்ட் வகிக்கும் பங்கு) வழியாகத் தேடித் தோற்றால், அப்போது பக்கத்தில் என்னென்ன ரோல்கள் உள்ளன என்று பட்டியலிட்டுக் காட்டுகிறது.

ஆகவே முதல் இரண்டு நாள் எதையும் எழுத வேண்டாம். கடந்த சில மாதங்களில் உங்கள் அலுவலக அரட்டைக் குழுவில் வந்த கேள்விகளைத் திரட்டி, எந்தப் பிழையால் எழுந்தவை என்று பிரித்துப் பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: இத்தகைய உள் லைப்ரரிகளில் பல, செலினியத்தின் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு 'பொய்' என்ற மதிப்பான வெறும் ஃபால்ஸை மட்டும் திருப்பியனுப்பும். உங்களுடையதும் அப்படியென்றால், எவ்வளவு எழுதினாலும் வீண்.

பனையோலை

வெள்ளெருக்கு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கேள்விகளைத் திரட்டும் முன்பே ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: அவற்றில் பெரும்பகுதி காத்திருப்பைப் பற்றியதாகவே இருக்கும். ஊரெங்கும் ஸ்லீப் பரவியிருக்கிறது என்றால், எப்போது, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் ஆவணம் எங்குமே விளக்கவில்லை என்றுதான் பொருள். அது எந்த ஒரு ஃபங்ஷனுக்கும் உரிய செய்தி அல்ல. எனவே எந்த டாக்ஸ்ட்ரிங்கிலும் அதற்கு இடமில்லை.

அதற்கென்று தனிப்பக்கம் ஒன்று எழுதுங்கள். பக்கம் ஏற்றப்பட்டுவிட்டது என்று பிரவுசர் சொன்ன பிறகும் ஜாவாஸ்கிரிப்ட் உள்ளடக்கத்தை வரைந்துகொண்டிருக்கலாம் என்பதிலிருந்து தொடங்குங்கள். எலிமென்ட்டைத் தேடும்போதெல்லாம் தானாகக் காத்திருக்கும் இம்ப்ளிசிட் வெயிட்டின் இயல்பு மதிப்பு சுழியம் என்பதையும், ஒருமுறை அதை மாற்றினால் பிரவுசரை இயக்கும் அந்த டிரைவர் உயிரோடிருக்கும் வரை ஒவ்வொரு தேடலுக்கும் அது பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள். பிறகு, நாம் குறிப்பிடும் நிபந்தனை நிறைவேறும் வரை காத்திருக்கும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டுக்கு வாருங்கள்: பைத்தானில் அது அரை நொடிக்கு ஒருமுறை நிபந்தனையைச் சரிபார்க்கிறது, எலிமென்ட் இல்லை என்ற பிழையை அதுவரை பொறுத்துக்கொள்கிறது.

இரண்டையும் கலக்கக் கூடாது என்று செலினியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. ஆனால் வெறும் எச்சரிக்கையை யாரும் மதிப்பதில்லை. காரணத்தை எண்களோடு காட்ட வேண்டும். இம்ப்ளிசிட் 10 நொடி, எக்ஸ்ப்ளிசிட் 15 நொடி என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ப்ளிசிட்டின் முதல் தேடலே உள்ளே 10 நொடி சிக்கிக்கொள்ளும். அது தோற்றுத் திரும்பும்போது 15 நொடி இன்னும் முடியவில்லையாதலால் மறுபடி தேடும். மீண்டும் 10 நொடி போகும். 15-இல் நிற்க வேண்டியது 20-ஐத் தாண்டித்தான் நிற்கும். இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

தவறான வரியையும் சரியான வரியையும் அருகருகே வைப்பதும் பலன் தரும். ரூபி மொழியின் சோதனை லைப்ரரியான கேப்பிபாரா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'இருக்கிறது என்பது பொய்' என்று சரிபார்ப்பதும் 'இல்லை என்பது மெய்' என்று சரிபார்ப்பதும் தருக்கப்படி ஒன்றுதான். ஆனால் காத்திருப்பு புகுந்துவிட்டால் அவை வெவ்வேறு, இரண்டாவதையே எழுதுங்கள் என்று அதன் அறிமுகக் கோப்பான ரீட்மீ இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது.

ஏழாம்மாடி

எடுத்துக்காட்டுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஓடாத எடுத்துக்காட்டைவிட எடுத்துக்காட்டே இல்லாதது மேல். 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி' என்ற பழைய வடிவத்தைப் பைத்தான் செலினியம் 2022-இல், 4.3 பதிப்பில் நீக்கிவிட்டது. இணையத்தில் கிடக்கும் பயிற்சிப் பக்கங்கள் பல இன்றும் அதையேதான் கற்பிக்கின்றன. எனவே ஆவணத்துக்குள் நிரலைத் தட்டச்சு செய்யாதீர்கள். உண்மையான சோதனைக் கோப்பில் எழுதி, ஸ்பிங்ஸின் 'லிட்டரல் இன்க்ளூட்' வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். வரி எண்ணைக் கொண்டு இழுப்பதைத் தவிருங்கள். மேலே ஒரு வரி சேர்ந்தால் போதும், வேறு ஏதோ ஒரு துண்டு வந்து உட்கார்ந்துவிடும். தொடக்கமும் முடிவும் குறிக்கும் கமென்ட்டுகளை வைத்து வெட்டியெடுப்பதே பாதுகாப்பு. அந்தக் கோப்புகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், நிரலைத் தானாகச் சோதிக்கும் சிஐ அமைப்பில் ஓட வேண்டும். ஓடுவதற்குச் சிறிய எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை நிரல் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்; வெளியீட்டுக்கு முன் சோதிக்க வைத்திருக்கும் ஸ்டேஜிங் சர்வரை நம்பினால் அது படுக்கும் நாளில் ஆவணமும் சேர்ந்து படுத்துவிடும்.

மணற்கடிகை

டேனியேல் ப்ரோசிடா வகுத்த டயடாக்சிஸ் முறையையும் பார்க்கலாமே? பயிற்சி, செய்முறை, விவரக்குறிப்பு, விளக்கம் என்று ஆவணத்தை நான்காகப் பிரிக்கும் முறை அது. பனையோலை கேட்கும் பக்கம் அதில் 'விளக்கம்' என்ற பகுதியில் வரும்.

பனையோலை

பகுத்துப் பார்ப்பதற்கு அது நல்ல கண்ணாடி. ஆனால் இரண்டு வாரத்தில் நான்கு வெற்று அடைவுகளை உருவாக்கி, தலைப்புப் பக்கங்களை அழகுபடுத்திவிட்டு நின்றுபோன குழுக்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பக்கங்கள் வரட்டும், பிரிப்பது பிறகு.

கிணற்றடி

அனைவருக்கும் நன்றி. பனையோலை சொன்னபடி காத்திருப்புப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். இம்ப்ளிசிட் வெயிட் பற்றிய பத்தியில் 'நம் லைப்ரரியில் இதன் மதிப்பு' என்று தொடங்கி, எண்ணைச் சரிபார்க்க நிரலைத் திறந்தால், டிரைவரை உருவாக்கும் இடத்திலேயே 10 நொடி என்று யாரோ முதல் ஆண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நிரலின் மாற்றப் பதிவேட்டில் இருப்பது என் பெயர்தான். அதற்கு மேல் எங்கள் ஃபங்ஷன்கள் எல்லாம் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டைப் பயன்படுத்துகின்றன. ஓர் எலிமென்ட் மறைந்துவிட்டதா என்று பார்க்கும் சோதனைகள் ஏன் ஒவ்வொன்றும் பத்து நொடி இழுக்கின்றன என்பது இப்போதுதான் விளங்கியது. ஆக, ஆவணத்தில் விளக்க வேண்டியதைவிட நிரலில் நீக்க வேண்டியதே முதலில் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டால் பழைய ஸ்கிரிப்டுகள் சில கட்டாயம் தோற்கும். அதை எப்படி அறிவிப்பது?

வெள்ளெருக்கு

காத்திருப்புப் பக்கத்தின் தலையில், எந்தப் பதிப்பிலிருந்து மாறியது, தோற்கும் ஸ்கிரிப்டில் எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். தேடல் தோற்கும்போது வரும் பிழைச்செய்தியின் கடைசி வரியில் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்புவது உங்கள் விருப்பம். எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை.