‘சிவகாமியின் சபதம்’ இசை நாடகம்: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலை இசை நாடகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவல் நான்கு பாகம். என் பிரதியை வாசித்துப் பார்த்தால் நாலரை மணி நேரம் ஓடுகிறது. மண்டபம் கிடைப்பதோ இடைவேளை சேர்த்து இரண்டரை மணி நேரம்தான். நாடக நடிகர் கிட்டப்பா காலத்து ரசிகர்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். இப்போது எல்லோருக்கும் கடைசி பஸ் கவலை.

கும்பகோணத்தில் அமெச்சூர் குழு, 14 நடிகர்கள், தை மாதம் மேடையேற்றம். ஆர்மோனியம், மிருதங்கம், புல்லாங்குழல் மட்டும். கதாநாயகியான நாட்டியப் பெண் சிவகாமியாக நடிப்பவர் பரதம் முறையாகக் கற்றவர், ஆடும்போது பாட்டு பக்கவாட்டிலிருந்து வரும்.

முதலில், பின்னால் பல்லவத் தளபதியாகும் பரஞ்சோதியின் பயணத்தை வெட்டினேன். கடைசியில் அவர் சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்குப் படை நடத்தும்போது “இவர் யாரு?” என்று கேட்கிறார்கள். சரி, கூத்துப் பாணியில், கதையை விளக்கிச் சொல்லும் கட்டியங்காரனைக் கொண்டுவந்தேன். பிக்ஷு நாகநந்தியும் சாளுக்கிய மன்னன் புலிகேசியும் ஒரே சாயல் என்று விளக்குவதற்குள் அவன் உபந்நியாசமே செய்துவிடுகிறான். பாட்டைக் குறைத்தால் வசனம் நீள்கிறது. கூட்டினால் கதை நின்றுவிடுகிறது. ‘லே மிசரபிள்’ இசை நாடகத்தில் வருடக்கணக்கான கதையைப் பாட்டிலேயே நகர்த்துவார்கள். அதைப் பார்த்துப் புலிகேசியின் காஞ்சி முற்றுகையை ஒரே பாட்டாக்கினேன். உருப்படியாக வந்தது அது ஒன்றுதான்.

மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: வாதாபியில் சிவகாமி சபதம் செய்யும் காட்சியிலேயே நாடகத்தைத் தொடங்கி, முன்கதையை அவள் நினைவாகப் பாட்டில் சொன்னால், நாவல் படிக்காதவர்களுக்குப் புரியுமா?