மகன் ஆர்.ஓ.டி.சி.யில் இருக்கிறான், கோடையில் அரபு படிக்க ஜோர்டான் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?

டல்லாஸ்வாசி:

வணக்கம். பையன் டெக்சஸில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராணுவ ஆர்.ஓ.டி.சி.யில், அதாவது கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டத்தில், இருக்கிறான், பட்டம் வாங்கும்போது செகண்ட் லெப்டினன்ட் ஆகிவிடுவான். அதை ஏற்றுக்கொள்ளவே எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது 'பிராஜெக்ட் கோ' என்று, ஆர்.ஓ.டி.சி. மாணவர்களுக்கான மொழிப் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். செலவு பாதுகாப்புத் துறையுடையது. வேறொரு பல்கலைக்கழகம் நடத்தும் மொழி வகுப்பில் சேர்ந்து, கோடையில் எட்டு வாரம் ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டுமாம். ஏற்கெனவே ஒரு வருடம் அரபு படித்திருக்கிறான்.

அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் இந்தியும் இருக்கிறதே, அதை எடுத்தால் என்ன என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கு வேறு கவலைகள். பையன் சைவம். எட்டு வாரத்தில் ஒரு மொழி எவ்வளவு வந்துவிடும்? அப்புறம், பாதுகாப்பு அனுமதிப் படிவத்தில் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி எல்லாம் எழுத வேண்டும் என்கிறார்களே? பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

போடிமெட்டு:

அண்ணா, என் மகள் 2019 கோடையில் இதே திட்டத்தில் அம்மானில் இருந்தாள். இப்போது கேப்டன். அதனால் உங்கள் வீட்டில் இப்போது என்ன பேச்சு ஓடும் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ரம்ஜான் பண்டிகை முடிந்த கையோடு போய் இறங்கினாள். வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், ஒரு பாட்டி. வந்ததும் தட்டில் ஒரு பலகாரம் வைத்தார்களாம், ரவை மாவுக்குள் பேரீச்சம்பழம் பொதிந்தது. பேர் என்ன என்று கேட்டிருக்கிறாள். 'மாமூல்' என்றார்களாம். அன்று இரவே எனக்குப் போன்: "அம்மா, தீபாவளிக்குத் தாத்தா தபால்காரருக்குக் கொடுப்பாரே, அந்த மாமூலா?" அதே சொல்தான். கடைக்காரர் மீதிச் சில்லறையைப் 'பாக்கி' என்கிறார். பாட்டி ஒரு வேலை சொன்னால் பெண்கள் 'ஹாதிர்' என்கிறார்கள். நம் கோர்ட்டில் கூப்பிடும் 'ஆஜர்' அதுதான். வக்கீல், ரத்து, வசூல், தகராறு எல்லாமே அரபியில் வேர்விட்டு, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் கற்றுக்கொடுப்பது எழுத்து அரபு, தெருவில் பேசுவது வேறு. 'உனக்கு என்ன வேண்டும்' என்பதற்குப் புத்தகத்தில் 'மாதா துரீத்', அம்மான் கடையில் 'ஷூ பித்தக்'. கூடப் போன பிள்ளைகள் ஒரு வருடம் படித்தது வீணோ என்று கலங்கிவிட்டார்கள். இவளுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'செல்கிறேன்' என்று எழுதிவிட்டு, காரில் ஏறியதும் 'போறேன்' என்று பேசி வளர்ந்தவள் அல்லவா!

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். அரிசியும் மைசூர்ப் பருப்பு மாதிரி ஒரு பருப்பும் சேர்த்து, மேலே வெங்காயத்தைக் கருகக் கருக வறுத்துப் போட்ட 'முஜத்தரா' என்ற சாதத்தைப் பாட்டி இவளுக்காகவே செய்வார். பெரிய விருந்தில் ஆட்டிறைச்சி மன்ஸஃப் வைத்தபோது மட்டும் சங்கடப்பட்டிருக்கிறாள். சைவம் என்பதை முதல் நாளே, வீட்டு அம்மாவிடம், தனியாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். பந்தியில் உட்கார்ந்த பிறகு மறுத்தால் அவர்களுக்கு மனம் கஷ்டப்படும். காப்பிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. சின்னக் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றுவார்கள்; போதும் என்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். இவள் அது தெரியாமல் ஐந்து கோப்பை குடித்தாளாம்.

ஒரு சம்பவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள். மாடித் தொட்டியில் விழும் சத்தம் கேட்டதும் பாட்டி எழுந்துவிடுவார், துணி துவைப்பது எல்லாம் அன்றைக்குத்தான். இது தெரியாமல் இவள் முதல் வாரம் அமெரிக்க வீட்டில் குளிப்பது போல நின்று குளித்திருக்கிறாள். நான்காம் நாள் தொட்டி காலி. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டு அப்பா மாடிப்படியில் நின்று லாரிக்குப் போன் போடுவதைப் பார்த்துத்தான் இவளுக்குப் புரிந்திருக்கிறது. எனக்குப் போன் செய்து அழுதாள். அதே ஜூன் மாதம்தான் சென்னையில் என் மாமியார் குடத்தோடு லாரிக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தார். "பாட்டியின் படத்தை அவர்களுக்குக் காட்டு, மன்னிப்புக் கேள்" என்றேன். காட்டியிருக்கிறாள். அந்த வீட்டுப் பாட்டி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, அதென்ன நிறம் நிறமாகக் குடம், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தாராம். என் பெண்ணுக்கு அரபு நாக்கில் வந்தது அன்றிலிருந்துதான்.

இந்தி நல்ல மொழிதான். ஆனால் பையன் ஒரு வருடம் அரபுக்கு உழைத்திருக்கிறான். நம் நிம்மதிக்காக அவனை மாறச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரிசர்வ்காரன்:

அண்ணா, நானும் ஆர்.ஓ.டி.சி. வழியாக வந்தவன்தான். முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். ராணுவப் பிரிவில் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் முகாம், அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே உங்கள் பையனுக்கு வசதியான கோடை இதுதான். அவனுடைய ஆர்.ஓ.டி.சி. பட்டாலியனில் இப்போதே அனுமதி கேட்கச் சொல்லுங்கள். பிராந்திய நிலவரம் சரியில்லை என்றால் கடைசி நேரத்திலும் பயணம் நிற்கலாம். 2020இல் கொரோனாவால் வெளிநாட்டுப் பயணம் நின்றே போனது. அமெரிக்காவுக்குள்ளேயே நடக்கும் வகுப்பு ஒன்றுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும்.

எட்டு வாரத்தில் மொழி முழுதாக வராது. கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருக்கும் பாதுகாப்பு மொழிக் கழகத்தில் அரபுக்கு 64 வாரம், ஸ்பானிஷுக்கு 36. ஆனாலும் இப்படிப் போனவர்கள் அந்தப் பாதையில் தொடர்கிறார்கள். 2003 முதல் 2007 வரை மத்திய கிழக்கைக் கவனிக்கும் அமெரிக்க ராணுவத்தின் மத்தியக் கட்டளையகத்தின் தளபதியாக இருந்த ஜான் அபிசைத், இளம் அதிகாரியாக இருந்தபோது இளம் அதிகாரிகள் வெளிநாட்டில் படிக்கத் தரும் ஓல்ம்ஸ்டெட் உதவித்தொகையில் அம்மானில் ஜோர்டான் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

நீங்கள் கேட்ட பாதுகாப்பு அனுமதிப் படிவத்தின் பெயர் எஸ்.எஃப்.-86. ஊரில் சித்தப்பா இருப்பது தப்பே இல்லை, இருப்பதை மறைப்பதுதான் தப்பு. நெருக்கமாக, தொடர்ந்து பேசும் வெளிநாட்டுக் குடிமக்களை எழுத வேண்டும். அம்மான் குடும்பத்தோடு பின்னாலும் அப்படி உறவு தொடர்ந்தால் அவர்களையும்தான். போகும் முன்பே பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பரங்கிமலை:

தம்பி, நான் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று ஓய்வு பெற்றவன். எங்களோடு பூடான் கேடட் ஒருவர் இருந்தார். முதல் மாதம் யாரோடும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போனபோது மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். ஏழு சாப்பிட்டார். அவர்கள் ஊரில் மிளகாயே காய்கறிதானாம், பாலாடைக்கட்டி போட்டுச் சமைப்பார்களாம். அதற்குப் பிறகு "அண்ணே, இன்னும் ரெண்டு" என்று தமிழில் கேட்கப் பழகிவிட்டார். இன்றைக்கும் அவர்கள் புத்தாண்டான லோசருக்கு எனக்குப் போன் வரும். விருந்தாளியாக வருபவன் கொஞ்சம் தடுமாறினால் வீட்டுக்காரர்கள் தாங்கிக்கொள்வார்கள், அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன். அனுப்பி வையுங்கள்.

டல்லாஸ்வாசி:

எல்லோருக்கும் நன்றி. போடிமெட்டு அம்மா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தொட்டி விஷயம் வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பையன் விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்புகிறான். தேர்வானால் அந்த வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்பலாம்?

போடிமெட்டு:

ஏலக்காய், அண்ணா. அவர்கள் காப்பியில் தாராளமாகப் போடுவார்கள். எங்கள் போடி ஏலக்காயில் கால் கிலோ, எட்டு மில்லிமீட்டர், பச்சை மாறாததாகப் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். பாட்டி டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, காப்பிப் பொடியோடு வைக்காமல் தன் அலமாரியில் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டாராம்.