டேட்டா இன்ஜினியர் நேர்காணல்: பத்து நாள்களில் எதைப் படிப்பது?

கேள்வி

வணக்கம். ஆறு ஆண்டுகளாக ஒரு வங்கித் திட்டத்தில் இன்ஃபர்மாட்டிகா, ஆரக்கிள் ஆகியவற்றைக் கொண்டு ஈடிஎல் (டேட்டாவை ஓரிடத்திலிருந்து எடுத்து, மாற்றி, வேறிடத்தில் ஏற்றும்) வேலை பார்த்து வருகிறேன். இப்போது இணைய வணிகம் நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து டேட்டா இன்ஜினியர் பணிக்கான நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எஸ்கியூஎல் (டேட்டாபேஸ் வினவல் மொழி), பைத்தான், பைப்லைன் (டேட்டா மூலத்திலிருந்து இலக்குக்குப் போகும் பாதை) வடிவமைப்பு, மேலாளருடன் உரையாடல் என நான்கு சுற்றுகள் நடக்கும் என்கிறார்கள். கையில் பத்து நாள்களே உள்ளன. பெரிய அளவு டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்துச் செயலாக்கும் ஸ்பார்க்கை நானாகப் படித்திருக்கிறேனே தவிர, அலுவலகத்தில் தொட்டதில்லை. சென்ற ஆண்டு வேறொரு நிறுவனத்தில் எஸ்கியூஎல் சுற்றிலேயே வெளியேற நேர்ந்தது. தினமும் எழுதுகிற மொழியில் தோற்றது இன்னும் மனத்தை உறுத்துகிறது. எதற்கு முதலிடம் தர வேண்டும்?

மறுமொழி 1

தினமும் எழுதுகிறவர்கள் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி தெரியாதது அல்ல. அட்டவணையில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று கேட்காமலே எழுதத் தொடங்கிவிடுவதுதான். ஆர்டர் அட்டவணையைப் பணம் செலுத்திய அட்டவணையோடு ஜாயின் செய்து (இணைத்து) மொத்த விற்பனையைக் கூட்டச் சொல்வார்கள். ஒருவர் ஒரே ஆர்டருக்குப் பாதியை வாலட்டிலும் மீதியைக் கார்டிலும் செலுத்தியிருந்தால், அந்த ஆர்டர் இரண்டு வரிசைகளாகி 1,000 ரூபாய் 2,000 ரூபாயாகிவிடும். "ஓர் ஆர்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பணம் செலுத்தலாமா?" என்று நீங்கள் முதலில் கேட்டுவிட்டாலே, நேர்காணல் செய்பவருக்கு உங்கள் மீது நம்பிக்கை பிறந்துவிடும்.

துணை வினவலில் ஒரே ஒரு வெற்று (NULL) மதிப்பு இருந்தாலும் ‘நாட் இன்’ (இதில் இல்லாதவை) ஒரு வரிசையைக்கூடத் தராது என்பதையும், இடப்பக்க வரிசைகள் அனைத்தையும் வைத்திருக்க வேண்டிய லெஃப்ட் ஜாயினில் வலப்பக்க அட்டவணைக்கான நிபந்தனையை ‘வேர்’ கிளாஸில் எழுதினால் பொருந்தாத வரிசைகள் உதிர்ந்துவிடும் என்பதையும் கையால் எழுதிப் பாருங்கள். விண்டோ ஃபங்ஷன்களில் (ஒரு வரிசையை அதனோடு தொடர்புடைய வரிசைகளோடு சேர்த்துக் கணக்கிடுபவை) "தொடர்ந்து 3 நாள்கள் உள்நுழைந்த பயனர்கள் யார்?" என்ற வகைக் கணக்கு அடிக்கடி வரும். தேதியிலிருந்து ரோ நம்பரை, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் தேதி வரிசைப்படி இடும் எண்ணை, கழித்தால் தொடர்ச்சியான நாள்கள் அனைத்திற்கும் ஒரே விடை கிடைக்கும். அதைக் கொண்டு குழுவாக்கி எண்ணிவிடலாம்.

மறுமொழி 2

சில ஆண்டுகளாக நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். பைப்லைன் வடிவமைப்பு என்றதும் பலர் காஃப்கா (நிகழ்வுகளை உடனுக்குடன் கடத்துவது), ஸ்பார்க், ஏர்ஃப்ளோ (ஜாப்களை நேரப்படி ஓட்டுவது) என்று கட்டங்களை வரைந்துவிடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரே ஓர் அறிக்கை தேவை என்றால் காஃப்கா எதற்கு? ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா வரும், எத்தனை நேரத்திற்குள் யாருக்குத் தேவை என்று கேட்ட பிறகே வரையத் தொடங்க வேண்டும்.

அதன் பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்குப் பாதியில் நின்ற ஜாபை மறுபடி ஓட்டினால் விற்பனை இரட்டிப்பாகுமா? வெறுமனே சேர்த்துக்கொண்டே போகாமல், அந்தத் தேதிக்குரிய பார்ட்டிஷனை (டேட்டாவின் பகுதியை) முழுவதுமாக மாற்றி எழுதுவேன் என்று சொல்பவரிடம் அடுத்த கேள்விக்குப் போகிறேன். இணையம் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பதிவான நிகழ்வு மறுநாள் வந்து சேர்ந்தால் அது எந்தத் தேதியில் விழ வேண்டும்? காஃப்காவில் வரிசைமுறைக்கான உறுதி ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உண்டு என்பதால், ஓர் ஆர்டரின் நிகழ்வுகள் ஒன்றாக இருக்க எதைக் கீயாக (எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்பதை முடிவு செய்யும் மதிப்பாக) வைப்பீர்கள்?

வங்கி வேலையைக் குறைவாக எண்ண வேண்டாம். மூலத்திலும் இலக்கிலும் எண்ணிக்கையும் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று இரவுதோறும் சரிபார்த்திருப்பீர்கள். வட்டி விகிதம் மாறியபோது பழைய விகிதத்தை அழிக்காமல் தொடக்க, முடிவுத் தேதிகளோடு பாதுகாத்திருப்பீர்கள். விற்பனையாளரின் கமிஷன் விகிதம் மாறும்போது இங்கும் அதே டைப் 2 முறைதான். பல இளைஞர்கள் இதைப் படித்திருக்கிறார்கள், நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஓர் உண்மையான பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைக் கோவையாகச் சொல்லிப் பழகுங்கள். மேலாளர் சுற்றுக்கும் அது உதவும்.

மறுமொழி 3

ஸ்பார்க்கைப் பணியில் பயன்படுத்தவில்லை என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். ஷஃபிள் (ஒரே கீ உள்ள வரிசைகள் ஒன்றுசேர டேட்டாவைக் கணினிகளுக்கிடையே மாற்றி அடுக்குவது) என்றால் என்ன என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும். அதன் பார்ட்டிஷன்களின் இயல்பு எண்ணிக்கை 200. ஒரு பெரிய விற்பனையாளரின் ஆர்டர்கள் ஒன்றிலேயே குவிந்தால், 199 டாஸ்க்குகள் முடிந்த பிறகும் அந்த ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சிறிய அட்டவணையை பிராட்காஸ்ட் செய்வது (எல்லாக் கணினிகளுக்கும் நகல் அனுப்புவது) ஒரு வழி. அதற்கான இயல்பு வரம்பு 10 எம்பி. சாய்ந்த கீயோடு (அளவுக்கு மீறி வரிசைகள் குவிந்த கீயோடு) ஓர் எண்ணைச் சேர்த்துப் பிரிப்பது இன்னொரு வழி. ஸ்பார்க் 3.2 பதிப்பிலிருந்து இயல்பாகவே செயல்படும் ஏகியூஈ (ஓடும்போதே வினவல் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் வசதி), சாய்ந்த ஜாயின்களைத் தானே பிரிக்க முயலும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தொடர் நாள் கணக்கை நேற்றிரவு எழுதிப் பார்த்தேன். ஒரே நாளில் இருமுறை உள்நுழைந்தவருக்குத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. எங்கே தவறு?

மறுமொழி 1

அதே தேதி மறுபடி வரும்போது ரோ நம்பர் கூடுகிறது, தேதி நகர்வதில்லை. அதனால் கழித்த விடை மாறிவிடுகிறது. முதலில் ஒரு பயனருக்கு ஒரு நாளுக்கு ஒரு வரிசை என்று சுருக்கிவிட்டு, பிறகு எண்ணிடுங்கள்.