பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சாமான் பட்டியல்கள் ஏன் பொருந்தவில்லை?

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொதுவானது. இரண்டாங்கட்டு அறைகளில் கிடக்கும் பித்தளை, வெண்கலம், மங்கு, மரவைச் சாமான்களுக்கு வரிக்கு ஒரு பொருளாகக் கணக்கெடுத்து, நான் விண்டோஸ் 7 கணினியில் நோட்பேடில் ஒரு பட்டியலும், பெங்களூரில் இருக்கும் பங்காளி வீட்டுத் தம்பி உபுண்டு என்ற லினக்ஸ் கணினியில் ஒரு பட்டியலும் தட்டச்சு செய்தோம். அவர் தம் கணினியில் இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. "குத்துவிளக்கு, பெரியது, 4" என்ற வரி இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் இருப்பதை நானே பார்த்தேன். அதேபோல் அவருடைய கோப்பை என் நோட்பேடில் திறந்தால் அண்டாவும் தவலையும் கெண்டிச் செம்பும் வரிப் பிரிவே இல்லாமல் ஒரே நீளமாக ஓடுகின்றன. எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டை நிரலர் எழுதியது:

இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் உருளை தொடக்கத்துக்குத் திரும்புவதும், தாள் ஒரு வரி மேலேறுவதும் ஒரே கையசைவில் நடந்துவிடும். பழைய டெலிடைப் பொறிகளில் இவை இரண்டு தனித்தனி ஆணைகளாக இருந்தன. எழுத்துக்கும் ஆணைக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு எண் 13, வரி ஏறுவதற்கு எண் 10. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் வரி முடிவில் 13, 10 என இரண்டையும் எழுதுகின்றன. யுனிக்ஸும் லினக்ஸும் 10 மட்டும் போதுமென்று விட்டுவிட்டன. மேக் 9ஆம் பதிப்பு வரை 13ஐ மட்டும் வைத்திருந்து, 2001இல் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது 10க்கு மாறிக்கொண்டது.

ஆகவே உங்கள் வரி "4" என்று முடியவில்லை. அந்த 4க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு 13 ஒட்டிக்கொண்டிருக்கிறது, லினக்ஸ் அதையும் வரியின் ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது. தம்பியை 'கேட்' கட்டளையோடு பெரிய 'ஏ' எழுத்தைச் சேர்த்து (cat -A) உங்கள் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகச் சிதறித் தெரியும், அதைக் கண்டு மிரள வேண்டாம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தொப்பிக் குறியும் 'எம்' எழுத்தும் அதன்பின் டாலர் குறியும் நிற்கும். 'டிஆர்' கட்டளையால் அந்த 13 அனைத்தையும் அழித்துவிட்டால் ஒப்பீடு சரியாகிவிடும்.

உங்கள் பக்கத்துத் தொல்லை நோட்பேடின் பழைய குறை. 10 மட்டும் இருந்தாலும் வரி என்று ஏற்கும் வழக்கம் 2018இல்தான் விண்டோஸ் 10இன் நோட்பேடுக்கு வந்தது. நோட்பேட்++ போட்டுக்கொண்டால் விண்டோஸ் 7இலும் அக்கோப்பு ஒழுங்காகத் திறக்கும்.

காரைக்குடி அச்சகம் எழுதியது:

மேலே சொன்ன விளக்கம் சரி; ஆனால் 'டிஆர்' கட்டளையை அவசரப்பட்டு ஏவ வேண்டாம். கோப்பைச் சேமித்தபோது குறியாக்கப் பட்டியில் எதைத் தேர்ந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 7 நோட்பேடில் 'யூனிகோட்' என்று எழுதியிருப்பது உண்மையில் யுடிஎஃப்-16 என்ற, எழுத்துகளைப் பைட்களாகப் பதியும் முறை. அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் இரண்டு பைட், வரி முடிவின் 13உம் இரண்டு பைட். 'டிஆர்' அதில் ஒரு பைட்டை மட்டும் பிடுங்கிவிட்டு மற்றதை விட்டுவிடும். ஒரு முறை கல்யாணப் பத்திரிகைக் கோப்பொன்றில் நான் இப்படிச் செய்து, முதல் வரி தமிழாகவும் இரண்டாம் வரி சீன எழுத்தாகவும் மூன்றாவது மீண்டும் தமிழாகவும் வந்து நின்றதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். யோசித்தபோது புரிந்தது: முதல் நீக்கத்தில் அடுத்த வரி முழுவதும் ஒரு பைட் நகர்ந்து இணை மாறிவிடுகிறது, அடுத்த நீக்கம் அதை மறுபடி நேராக்கிவிடுகிறது.

யுடிஎஃப்-8 என்றால் இந்த அச்சம் இல்லை. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், மூன்றுமே 127க்கு மேற்பட்ட எண்கள், ஆகையால் 13 எந்த எழுத்துக்குள்ளும் ஒளிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த நோட்பேட் யுடிஎஃப்-8 கோப்பின் தலையிலும் மூன்று பைட் அடையாளம் ஒன்றைப் பொருத்திவிடும். 13ஐ மட்டும் நீக்கினால் முதல் வரி அப்போதும் பொருந்தாது. இதற்கென்றே உள்ள 'டாஸ்-2-யுனிக்ஸ்' நிரல் அந்த அடையாளத்தையும் கழற்றிவிடும். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன், அதுவும் ஒரு நகல் எடுத்து வைத்த பிறகே.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

இருவருக்கும் நன்றி. என் கோப்பு யுடிஎஃப்-8ஆகவே இருந்தது. நிரலை ஓட்டிய பின் தாம் எண்ணாமல் விட்ட மரவைகளைத் தவிர மற்ற வரிகள் எல்லாம் பொருந்துவதாகத் தம்பி சொல்கிறார். ஆனால் என் பட்டியலின் அடியில் அவருடையதை ஒட்டியபோது "மங்குத் தட்டு, 36குத்துவிளக்கு, பெரியது, 4" என்று இரண்டு பொருள்கள் ஒரே வரியில் வந்துவிட்டன. இது அந்த நிரலின் வேலையா?

தேவகோட்டை நிரலர் எழுதியது:

இல்லை. மங்குத் தட்டை எழுதிய பின் நீங்கள் என்டர் தட்டாமலே சேமித்திருக்கிறீர்கள், அதனால் கடைசி வரிக்கு வரி முடிவே கிடையாது. நிரல் இருப்பதை மாற்றுமே தவிர இல்லாததைச் சேர்க்காது. லினக்ஸில் வரிகளை எண்ணும் கட்டளையும் 10ஐத்தான் எண்ணுகிறது என்பதால் உங்கள் பட்டியலில் ஒரு பொருள் குறைவாகவே காட்டியிருக்கும். கடைசியில் ஒரு முறை என்டர் தட்டிச் சேமித்து, மறுபடி நிரலை ஓட்டிய பிறகு ஒட்டுங்கள்.