இரண்டாண்டு வேளாண் வணிகப் பட்டம்: செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா?

கேள்வி (மொடெஸ்டோ, கலிபோர்னியா)

அனைவருக்கும் வணக்கம். என் மகன் வரும் ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறான். பள்ளியின் எஃப்எஃப்ஏ என்னும் வேளாண் மாணவர் அமைப்பில் மூன்று ஆண்டுகள் இருந்து, டர்லாக்கில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு ஆடு வளர்த்து விற்றவன். தீவனச் செலவை எழுதிவைத்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். இரண்டாண்டுப் பட்டம் தரும் சமுதாயக் கல்லூரியான மொடெஸ்டோ ஜூனியர் கல்லூரியில் வேளாண் வணிகம் படிக்க விரும்புகிறான். கணினித் துறையை விட்டுவிட்டுச் சமுதாயக் கல்லூரிக்குப் போனால் இரண்டு ஆண்டுகள் வீணாகும் என்கிறார் என் கணவர். எங்களுக்குக் கிரீன் கார்டு உண்டு, நிலம் கிடையாது. கட்டணம் குறைவு என்பது தெரியும். படித்து முடித்தபின் இந்தப் பட்டத்துக்கு வேலைச் சந்தையில் என்ன மதிப்பு என்பதை, அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (ஃபிரெஸ்னோ)

சகோதரி, கலிபோர்னியாவில் வசிப்போருக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். பட்டத்துக்குரிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகும். மாநிலத்தின் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களான கால் ஸ்டேட் அமைப்பில் 2025-26இல் அடிப்படைக் கட்டணமே ஆண்டுக்கு 6,450 டாலர். வளாகக் கட்டணங்கள் தனி. வருமானம் வரம்புக்குள் இருந்தால், மாநிலத்தின் காலேஜ் பிராமிஸ் கிரான்ட் அந்த 2,760 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும். ஆகையால் நமக்குக் கிடைக்காது என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தைத் தவிர்த்துவிடாதீர்கள்.

பணத்தைவிட, காலம் நழுவுவதைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். என் மகள் இதே துறையில் படித்தபோது, பிடித்த பாடங்களையெல்லாம் எடுத்துக்கொண்டே போனாள். பல்கலைக்கழகம் அவற்றில் பலவற்றைத் தன் பட்டத்துக்குரியவையாக ஏற்கவில்லை. கூடுதலாக ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓராண்டின் கட்டணமும் வாடகையும் இழந்த சம்பளமும், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நாங்கள் செலவழித்ததைவிடப் பல மடங்கு அதிகம். அந்தத் தவறுக்கு நானும் பொறுப்பு, ஏனென்றால் ஒருமுறைகூட நான் அவளுடைய பாடப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கவில்லை.

இதைத் தடுப்பதற்காகவே 2010இல் வந்த சட்டத்தின்படி ஏடிடி என்னும், பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கான இரண்டாண்டுப் பட்டம் இருக்கிறது. அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதேனும் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் மேலும் 60 யூனிட்டில் இளங்கலையை முடிக்கலாம். குறிப்பிட்ட ஒரு வளாகம் கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. சான் லூயிஸ் ஒபிஸ்போ வளாகத்துக்குப் போட்டி மிகக் கடுமை என்பதால், ஃபிரெஸ்னோ, சிக்கோ ஆகியவற்றுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் பதிவு செய்வதற்கு முன் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை மகனுக்கு ஏற்படுத்துங்கள்.

மறுமொழி (டுலேர்)

அக்கா, நான் பாதாம் உடைக்கும் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் முதல் அறுவடை முடியும்வரை லாரிகளின் எடைச் சீட்டும் விவசாயிகளின் கணக்கும்தான் எங்கள் வாழ்க்கை. இரண்டாண்டுப் பட்டத்தோடு வருபவர்களுக்கு இங்கே வேலை கிடைக்கிறது: கணக்குப் பிரிவு, லாரிகளை அனுப்புவது, உர விற்பனையில் உதவி போன்றவை. தொடக்கச் சம்பளத்தில் அவர்கள் பெரிதாகப் பின்தங்குவதில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வங்கிக் கடன் பிரிவுக்கோ கொள்முதல் மேலாளர் பொறுப்புக்கோ போக நினைக்கும்போது, இளங்கலை இல்லாதவர்களைத் தாண்டி மற்றவர்கள் போய்விடுகிறார்கள். அதனால் இரண்டாண்டுப் பட்டத்தோடு நிறுத்திவிடாமல், அதை இளங்கலைக்கு மலிவான முதல் பாதியாகக் கருதினால்தான் முழுப் பலனும் கிடைக்கும் என்பது என் கருத்து.

இந்தத் துறையில் விலை நிலையாக இருக்காது என்பதையும் அவன் அறிந்தே வர வேண்டும். 2014இல் பவுண்டு 4 டாலரை ஒட்டி விற்ற பாதாம், எட்டே ஆண்டுகளில் 2 டாலருக்கும் கீழே இறங்கியது. அதே 2014இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, நீர் மட்டம் மிகவும் குறைந்த பகுதிகள் 2040க்குள் எடுக்கும் நீரும் ஊறும் நீரும் சமநிலைக்கு வரும்படி செய்ய வேண்டும். அதற்காக நாம் வாழும் இந்த மத்தியப் பள்ளத்தாக்கில் கணிசமான நிலம் தரிசாக விடப்படும். அப்படிப்பட்ட காலத்தில், ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நீர், அதன் செலவு என்ன, எந்தப் பயிரைக் கைவிடலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கட்டாயம் தேவைப்படுவார்கள். தீவனக் கணக்கை எழுதிவைத்த பையன் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. முதல் கோடை விடுமுறையிலேயே சம்பளத்தோடு பயிற்சி வேலை தேடச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் மதிப்பெண்ணுக்கு முன் அதைத்தான் பார்க்கிறோம்.

மறுமொழி (மெர்செட்)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பட்டம் வாங்கியபின் சொந்தமாகப் பண்ணை வைக்கலாம் என்ற எண்ணம் மகனுக்கு இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். மத்திய வேளாண் துறை தொடக்க விவசாயிகளுக்குத் தரும் சிறுகடனின் உச்சவரம்பு 50,000 டாலர். அதைக் கொண்டு கருவியும் கால்நடையும் வாங்கலாமே தவிர, இங்கே பழத்தோட்டம் வாங்க முடியாது.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை என் கணவரும் படித்தார். இளங்கலைவரை போவதாக இருந்தால் தமக்கு மறுப்பில்லை என்கிறார். ஏடிடி பாடப் பட்டியலில் புள்ளியியலும் இரண்டு பொருளியல் பாடங்களும் இருப்பதைப் பார்த்தபின் அவருடைய குரலும் சற்று இளகியிருக்கிறது. கல்லூரி ஆலோசகரைச் சந்திக்க அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் ஃபிரெஸ்னோவுக்கும் சிக்கோவுக்கும் உரிய பாடங்களை அசிஸ்ட் தளத்திலிருந்து அச்செடுத்து வைக்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன். டுலேர் சகோதரருக்கு ஒரு கேள்வி: கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு உங்களைப் போன்ற ஆலைகளில் எந்த மாதத்திலிருந்து விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள்?