எங்கேயோ கேட்ட மெட்டு: எழுபதுகளின் ஆல்பங்களில் உங்களுக்குச் சிக்கியது எது?

ரெக்கார்டு பெட்டி எழுதியது:

ஒரு பாட்டை வருடக்கணக்கில் கேட்டு மனப்பாடம் ஆன பிறகு, அதற்கு முன்னாலேயே இன்னொரு பாட்டு இருந்தது தெரியவரும். அந்த அனுபவங்களுக்கான இழை இது. நம்மூர் சினிமா மெட்டுகளை இங்கே இழுக்க வேண்டாம். அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. எழுபதுகளின் மேற்கத்திய பாப், ராக் ஆல்பங்கள் மட்டும்.

நானே ஆரம்பிக்கிறேன். பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்'. 1970-இல் மூன்று தட்டுகளாக வந்த 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் இருப்பது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பாட்டு என்றாலே "சத்தத்தைக் குறை" என்பார்கள். இதற்கு மட்டும் விதிவிலக்கு. பின்னணியில் ஹரே கிருஷ்ணாவும் 'குருர் ப்ரஹ்மா' சுலோகமும் ஒலிக்கும்போது யார் தடுப்பார்கள்?

பிறகு விடுதியில் ஒரு நண்பன் அறுபதுகளின் பெண்கள் குழுப் பாடல்கள் அடங்கிய கேசட் ஒன்றைப் போட்டான். ஷிஃபான்ஸ் குழுவின் 'ஹீஸ் சோ ஃபைன்', 1963. முதல் வரி முடிவதற்குள் நான் ஹாரிசனைப் பாட ஆரம்பித்துவிட்டேன். பொருந்தியது. பக்தி எல்லாம் போய், ஒரு பெண் தனக்குப் பிடித்த பையனைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தாள்.

'ஹீஸ் சோ ஃபைன்' உரிமை வைத்திருந்த கம்பெனி ஹாரிசன் மேல் போட்ட வழக்கின் விவரத்தை அப்புறம்தான் படித்தேன். 1976-இல் நியூயார்க்கில் தீர்ப்பு. நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தாமே இசையமைப்பவர், ஓபரா எழுதியவர். ஹாரிசன் தெரிந்து எடுக்கவில்லை, ஆழ்மனத்தில் கிடந்தது வெளியே வந்துவிட்டது, ஆனாலும் அது காப்புரிமை மீறல்தான் என்றார். இதைவிட நாவல் மாதிரியான பகுதி பின்னால் வருகிறது. ஹாரிசனுக்கு மேலாளராக இருந்து இந்த வழக்கையும் கவனித்த ஆலன் க்ளைன், பிரிந்துபோன பிறகு 'ஹீஸ் சோ ஃபைன்' உரிமை வைத்திருந்த கம்பெனியையே 5,87,000 டாலருக்கு வாங்கிவிட்டார். பழைய கட்சிக்காரருக்கு எதிராக வாதியாகவே வந்து நின்றார்! நீதிமன்றம் அதை ரசிக்கவில்லை. சுமார் 16 லட்சம் டாலர் என்று கணக்கிட்டிருந்த இழப்பீட்டை, க்ளைன் கொடுத்த அதே 5,87,000-க்குக் குறைத்தது. இதற்கிடையில் 1975-இல் ஷிஃபான்ஸ் குழுவே 'மை ஸ்வீட் லார்ட்' பாடலைப் பாடிப் பதிவு செய்திருந்தது.

மோகனம் எழுதியது:

ரெக்கார்டு பெட்டி சார், நான் பாட்டு வகுப்பு எடுக்கிறவள். தீர்ப்பில் அந்த மெட்டை ஸ்வரம் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். 'ஸோல்-மி-ரே', அப்புறம் 'ஸோல்-லா-டோ-லா-டோ'. நம் கணக்கில் ப-க-ரி, ப-த-ஸ-த-ஸ. இரண்டு துண்டும் மோகன ராகத்துக்குள் அடக்கம். என் மாணவிகளிடம் ஸ்வரத்தை மட்டும் பாடிக் காட்டினேன். "கீதத்தில் வருகிற மாதிரி இருக்கிறது டீச்சர்" என்றாள் ஒருத்தி.

அவள் சொன்னதில் ஒரு பாதி நியாயம். ஐந்து ஸ்வரத்தில் உலகம் பூராவும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், ப-க-ரி யாருக்கும் சொந்தமில்லை. நீதிபதியும் துண்டுகளைத் தனியாக யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. முதல் துண்டு திரும்பத் திரும்ப, உடனே இரண்டாவது துண்டு திரும்பத் திரும்ப, அதில் ஓர் இடத்தில் மட்டும் சின்ன அனுஸ்வரம், அதாவது ஒட்டினாற்போல் தொட்டுவிட்டுப் போகும் ஸ்வரம். அந்த வரிசையும் அந்த அனுஸ்வரம் விழும் இடமும் இரண்டு பாட்டிலும் ஒன்றாக இருந்ததுதான் ஹாரிசனை மாட்டிவைத்தது. ராகம் பொது, சாகித்யக்காரர் போட்ட சங்கதி பொது இல்லை என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அதே வாதம்.

கீபோர்டு தம்பி எழுதியது:

மோகனம் அக்கா, எனக்கு இது தலைகீழாக நடந்தது. நகல்தான் முதலில் தெரியும், மூலம் பரீட்சைப் பாடமாக வந்தது. பியானோ ஆசிரியை பழைய இசையமைப்பாளர் சோப்பினின் சி மைனர் பிரிலூட் கொடுத்தார், பிரிலூட் என்றால் சின்னப் பியானோ துண்டு. ஓபஸ் 28, எண் 20. மொத்தமே ஒரு பக்கம்தான். வாசித்தால் எழுபதுகளின் பாப் பாடகர் பாரி மேனிலோவின் 'குட் இட் பி மேஜிக்'! அவர் ஒளிக்கவே இல்லை. பிரிலூடை வாசித்துத்தான் பாட்டைத் தொடங்குகிறார். சோப்பின் இறந்தது 1849. கேட்க ஆளில்லை.

அமெரிக்கப் பாடகர் எரிக் கார்மனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1975-இல் அவர் போட்ட ஆல்பத்தில் 'ஆல் பை மைசெல்ஃப்' இருக்கிறது. பின்னால் செலின் டியான் பாடி நம் தலைமுறைக்குத் தெரிந்தது. சரணத்தின் மெட்டு ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவில் வரும் நடுப்பகுதி. அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் ரஹ்மானினோவின் இரண்டாம் சிம்பொனி. பழைய ஆள், உரிமை எல்லாம் முடிந்திருக்கும் என்று கார்மன் நினைத்துவிட்டார். ரஹ்மானினோவ் இறந்தது 1943-இல்தான். அமெரிக்காவில் உரிமை இல்லை, வெளியே இருந்தது. வாரிசுகள் கேட்டார்கள், 12 சதவீத ராயல்டிக்கு ஒப்பந்தம் ஆனது. எனக்கென்னவோ அது மலிவு. அந்தப் பாட்டில் மனசைப் பிழிவது ரஹ்மானினோவின் வரிதான்.

எமர்சன், லேக் அண்ட் பால்மர் ராக் குழுவிடம் சொல்லாமல் எடுப்பது, கேட்டு எடுப்பது என்று இரண்டு முகமும் உண்டு. 1970-இல் வந்த முதல் ஆல்பத்தில் 'தி பார்பேரியன்' என்பது ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 'அலெக்ரோ பார்பரோ'. 'நைஃப் எட்ஜ்' செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் சிம்ஃபொனியெட்டா, நடுவில் கொஞ்சம் பாக் இசை. 1973-இல் அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஹினாஸ்தெராவின் பியானோ கான்செர்ட்டோவை 'டொக்காட்டா' என்று மாற்றியபோது கீத் எமர்சன் ஒழுங்காக ஜெனீவாவுக்கே போய், அவரிடம் டேப்பைப் போட்டுக் காட்டி, சம்மதம் வாங்கி வந்தார். உயிரோடு இருக்கும் ஆளிடம் நேரில் போய் நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

கப்பல்காரன் எழுதியது:

நான் சுருக்கமாக. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இஸ்தான்புல்லில் ஒரு டீக்கடை. ரேடியோவில் பெண் குரல், போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' மெட்டு. "துருக்கியிலும் போனி எம்மைக் காப்பியடிக்கிறார்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். உஸ்குதார் அங்கேதான் இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரில்தான் பாட்டே தொடங்குகிறது. அவர்களுடைய பழைய நாட்டுப்பாடல். பாடகி எர்த்தா கிட் 1953-லேயே அமெரிக்காவில் அதைப் பாடியிருக்கிறார். 'மா பேக்கர்' மெட்டும் துனிசியாவின் நாட்டுப்பாடலாம். எங்கள் தெருக் கல்யாணங்களில் ஓடிய போனி எம் கேசட்டில் அந்தக் குழுவின் தயாரிப்பாளர், ஜெர்மன்காரர் ஃப்ராங்க் ஃபாரியன் எத்தனை தேசத்தைத் திணித்துவைத்திருந்தார் பாருங்கள்.

தகர வாளி எழுதியது:

எல்லோரும் நீதிமன்றப் பக்கமே போகிறீர்கள். "இது நகல்தான், ரசியுங்கள்" என்று சொல்லியே செய்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த பக்கம்.

10சிசி குழுவின் 'டோனா', 1972. பல குரல்கள் சேர்ந்து பாடும் ஐம்பதுகளின் டூ-வாப் பாணியை அச்சாக எடுத்து, ஓர் ஆண் கீச்சுக் குரலில் உருகுகிறார். முதல் தடவை கேட்டபோது நிஜமாகவே ஐம்பதுகளின் பாட்டு என்றுதான் அக்கா சொன்னாள், நானும் நம்பினேன். நடுவில் குரல் பொத்தென்று கட்டைக்கு இறங்கும் இடத்தில்தான் கிண்டல் புரியும். ஆனால் வெறும் கிண்டலும் இல்லை. அந்தப் பாணியை உள்ளும் புறமும் தெரிந்தவன் செய்கிற வேலை. பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது.

அப்புறம் குவீன் குழுவின் 'எ நைட் அட் தி ஓபரா', 1975. எல்லோரும் 'பொஹீமியன் ராப்சடி' என்பார்கள். நான் ஹெட்ஃபோனில் கேட்டு மயங்கியது 'குட் கம்பெனி'. கடைசியில் பழைய ஜாஸ் பேண்டு ஒன்று முழுசாக வாசிக்கிறது. ட்ரம்பெட், கிளாரினெட், ட்ரொம்போன். அத்தனையும் குவீனின் பிரையன் மே வாசித்த கிட்டார்! அப்பாவும் மகனும் வீட்டில் செய்த கிட்டார் அது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியாக வாசித்து அடுக்கியிருக்கிறார். 'லேஸிங் ஆன் எ சண்டே ஆஃப்டர்நூன்' பாட்டில் பழைய மெகாஃபோன் குரல் வேண்டும் என்று, ஃப்ரெடி மெர்க்குரியின் குரலை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, அதை ஒரு தகர வாளிக்குள் வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். என் பெயர்க் காரணம் இப்போது தெரிந்திருக்கும். இவர்கள் கடன் வாங்கியது மெட்டை இல்லை, ஒரு காலத்தின் சத்தத்தை. அதற்கு யார் வழக்குப் போடுவது?

அமெரிக்கப் பாடகர் டாட் ரண்ட்கிரென் வேறு எல்லைக்குப் போனார். 1976-இல் வந்த 'ஃபெய்த்ஃபுல்' ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க பீட்டில்ஸ், பீச் பாய்ஸ், ஹென்ட்ரிக்ஸ் பாடல்களை மூலம் போலவே இழை பிசகாமல் திரும்ப உருவாக்கினார். வியந்தேன். இன்னொரு தடவை போடத் தோன்றவில்லை.

டெல்டா எழுதியது:

தகர வாளி அண்ணே, ரசிக்கலாம். ஆனால் லெட் ஸெப்பலின் ராக் குழுவை விட்டுவிட்டுப் பேசினால் இழை முழுமையாகாது. நான் அவர்கள் வெறியன், அதனால்தான் கோபம். 1976-இல் வந்த 'ப்ரெஸன்ஸ்' ஆல்பத்தில் 'நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்' என்று ஒரு பாட்டு. பாட்டின் பெயருக்குக் கீழே எழுதியவர்களாகக் குழுவின் பேஜ், பிளான்ட் பெயர்கள் மட்டும் போட்டிருக்கும். ப்ளூஸ் பக்கம் ஆர்வம் திரும்பியபோது அதே பெயரில், அதே பல்லவியோடு, பார்வையற்ற ஒரு சுவிசேஷகர் கரகரத்துப் பாடுவதைக் கேட்டேன். பிளைண்ட் வில்லி ஜான்சன், பதிவான ஆண்டு 1927. கிட்டாரின் வேகமும் டிரம்ஸும் ஸெப்பலினுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்?

ஜான்சன் 1945-இல் டெக்சாஸின் போமான்ட்டில் வறுமையில் இறந்தவர். 'ப்ரெஸன்ஸ்' வந்த மறு வருடம் நாஸா வாயேஜர் விண்கலத்தில் ஏற்றிய தங்கத் தட்டில் அவருடைய 'டார்க் வாஸ் த நைட்' பாடலும் போனது. விண்வெளிக்கு அனுப்பியவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது, லண்டனில் லேபிள் அச்சடித்தவர்களுக்குத் தெரியவில்லை. ரெக்கார்டு பெட்டி சார் சொன்ன ஆழ்மன வாதம் இங்கே செல்லாது. பணம் இருந்தவர்கள் வழக்குப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்து, பின்னர் சமரசமாகித் தன் பெயரையும் சேர்க்கவைத்தார். ஜான்சன் தரப்பில் யார் வருவார்கள்?

ரெக்கார்டு பெட்டி எழுதியது:

டெல்டா தம்பி, உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தகர வாளிக்கு மட்டும் ஒரு பதில். சொல்லிவிட்டுச் செய்தாலும் தப்ப முடியாது. இசைக்காரர் நீல் இன்னெஸும் நகைச்சுவை நடிகர் எரிக் ஐடிலும் 1978-இல் ரட்டில்ஸ் என்ற கற்பனைக் குழுவை வைத்து பீட்டில்ஸைக் கிண்டல் செய்து டி.வி. படம் எடுத்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனே அதில் மைக் பிடித்து நடித்தார். ஆல்பத்தின் பாடல்கள் எல்லாம் இன்னெஸ் சொந்தமாக எழுதியவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பீட்டில்ஸ் பாட்டின் பக்கத்து வீடு. பீட்டில்ஸ் பாடல்களின் உரிமை வைத்திருந்த கம்பெனி சிரிக்கவில்லை. ராயல்டியில் பாதி போனது.

அதே இன்னெஸ் 1973-இல் தனியாக எழுதிய ஒரு பாட்டின் மெட்டு, 1994-இல் ஒயாசிஸ் குழுவின் 'வாட்எவர்' பாட்டுக்குள் கிடந்தது. இந்தத் தடவை எழுதியவர்கள் வரிசையில் இன்னெஸ் பெயர் உள்ளே வந்தது.

அடுத்து எழுதுகிறவர்கள் யாராவது ராய் வுட் பக்கம் போங்கள். அவருடைய விஸ்ஸார்ட் குழுவின் 1974 ஆல்பம் 'இன்ட்ரொட்யூசிங் எடி அண்ட் த ஃபால்கன்ஸ்'. பாட்டுக்குப் பாட்டு ஒரு பழைய பாடகரின் வேஷம் கட்டியிருக்கிறார். எது யார் என்று எனக்கு இன்னும் எல்லாம் பிடிபடவில்லை. யாராவது பட்டியல் போட்டால் புண்ணியமாகப் போகும்.