மியோல்னிர் மார்க் 6 கவசம்: வைசருக்கும் இடுப்புக்கும் யோசனை வேண்டும்

நண்பர்களே, 2004-இல் ஹேலோ 2 வீடியோ கேமில் அதன் நாயகன் மாஸ்டர் சீஃப் போட்டு வந்த மியோல்னிர் மார்க் 6 கவசத்தை ஃபோம் ஷீட்டில் செய்துகொண்டிருக்கிறேன். மார்பும் தோளும் 10 மி.மீ. ஷீட், மேலே வரும் கோடுகளுக்கு 5 மி.மீ., ஹீட் கன்னில் வளைத்து ரப்பர் பசையில் ஒட்டியாயிற்று, நன்றாகவே வந்திருக்கிறது.

சிக்கல் ஹெல்மெட்டின் முகத்தை மூடும் அந்தத் தங்க நிறக் கண்ணாடியில், அதாவது வைசரில்தான். வெளியே முகம் தெரியாமல் மின்ன வேண்டும், உள்ளேயிருந்து வழியும் தெரிய வேண்டும். பைக் ஹெல்மெட் கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டினால் வளைவில் சுருக்கம் விழுகிறது, மூச்சு விட்டதும் ஆவி படிகிறது. சின்ன ஃபேன் வைத்தவர்கள் எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

அப்புறம் இடுப்பு. கதைப்படி அந்தக் கவசம் அரை டன் எடை, உடம்பின் அசைவைப் பல மடங்கு பெருக்குவதால் உடல் பலம் கூட்டப்பட்ட ஸ்பார்ட்டன் வீரர்களைத் தவிர வேறு யார் போட்டாலும் எலும்பு நொறுங்கிவிடும். அவ்வளவு கனத்தையும் தூக்கிக்கொண்டு சீஃப் இலகுவாக நடப்பதுதான் அதன் அழகே. கவசத்தோடு அவர் உயரம் ஏழடி, நான் ஐந்தரை. அளவைச் சுருக்கியதில் தொடைத் தகடு இடுப்புத் தகட்டில் இடித்து நடையே மாறிவிடுகிறது. தகட்டை வெட்டாமல் எலாஸ்டிக் பட்டையில் தொங்கவிட்டால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி.